லீவு யார் கொடுத்தது

எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்தது முப்பதுகளின் நடுவில். தலைமையாசிரியரும் நானும் மட்டுந்தான். அவரிடம் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று இருந்தது. தினமும் அதில் ஒரு வார்த்தையைப் பிடித்து, அதன் பூர்வீகம் வரைக்கும் துருவிவிட்டுத்தான் பாடம் எடுக்கப் போவார்.

முதல் மாதம் காய்ச்சலில் ஒரு நாள் வராமல் போனேன். மறுநாள், லீவு எடுத்ததாகக் கடிதம் நீட்டினேன். சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதால் அது லீவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புறப்பட்டுப் போவதைச் சொல்லும் வார்த்தை வேறாம். எழுத்து ஒன்றானாலும் பிறந்த இடம் வேறாம். இந்த லீவுக்குப் பழைய இங்கிலீஷில் அனுமதி என்று அர்த்தமாம். அனுமதி வாங்கிப் போன நாளுக்கே பிற்பாடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

"லீவுங்கறது நீங்க எடுக்கறதில்லீங்க, ஒருத்தர் குடுக்கறது" என்றார்.

அடுத்த தை மாதம் நாமகிரிப்பேட்டையில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு லீவு கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும். சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு முதல் நாளே வண்டி ஏறிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

தலைமையாசிரியர் எங்கே என்றார். லீவு என்றேன். தன்னிடம் கடிதம் ஏதும் வரவில்லையே, யார் கொடுத்த லீவு என்று கேட்டார். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. லீவு என்றால் அனுமதி, தலைமையாசிரியர் அதை முறைப்படி வாங்கிக்கொண்டுதான் போனார் என்று சொல்லிவிட்டேன். யாரிடம் என்று கேட்டார். நான் பையன்கள் பக்கம் திரும்பி, வாய்ப்பாடு சொல்லுங்கடா என்றேன்.

நல்லவேளையாக அவர் ரிஜிஸ்டரைக் கேட்டார். அலமாரிச் சாவி தலைமையாசிரியர் வீட்டில் இருந்தது. ஆள் அனுப்பினேன். சாவியை அவர் மனைவியே எடுத்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் விடவில்லை. அந்த அம்மாவிடமும் அதே கேள்வி.

"நாந்தானுங்க போகச் சொன்னேன். அவரு ரோசனை பண்ணிக்கிட்டே நின்னாரு, நான்தான் முடுக்கி உட்டேன். ஏனுங்க, தப்புங்களா?"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டே பேனாவைத் திறந்தார். பிறகு பார்வையாளர் புத்தகத்தில், தலைமையாசிரியர் தம் மனைவியின் அனுமதியோடு வெளியூர் சென்றுள்ளார், இனி இலாகாவின் அனுமதியும் பெற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

திரும்பி வந்த தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டு இலாகாவுக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் மத்தியானம், வழக்கமாக வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர், என் சாப்பாட்டுத் தூக்குப்போசிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். விளக்கம் எழுதிய சங்கதி வீட்டம்மாவின் காதுக்கு எட்டிவிட்டதாம்.

"தங்கச்சி ஊட்டுக்குப் போனதுக்கு எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்கன்னு நேத்திருந்து அடுப்புப் பத்த வெக்கலீங்க" என்றார்.

என் கம்பஞ்சோற்றில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன்.