மூன்றாவது ஓலை

விஸ்வநத்தம் சாலமன்ராஜுக்கு நாற்பது வயது, காலண்டர் கம்பெனியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற வேலை, கல்யாணம் ஆகவில்லை. பழைய வெளிநாட்டுத் திருடர் காதல் படம் ஒன்றையும் அவன் விட்டதில்லை. கோட்டுப் போட்டவனும் குதிகால் செருப்புக்காரியும் சேர்ந்து வைரத்தை அடிப்பார்கள், கடைசியில் ஜோடியாகக் கப்பல் ஏறிவிடுவார்கள். அதில் அவனுக்குப் பிடித்ததே, யாரும் யாரிடமும் காதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சேர்ந்து திருடினால் போதும் என்பதுதான்.

ஏனென்றால் மனுஷனுக்கு வாயே வராது. கோயில் பாட்டுக் குழுவில் நர்ஸ் ஹெப்சிபாவுக்குப் பின்னால் ஒன்பது வருஷம் நின்று பாடியும், "சாப்பிட்டீகளா" என்பதைத் தாண்டியதில்லை. இப்போது அவளுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை நிச்சயமாகி, இன்னாருக்கு இன்னார் என்று அறிவிக்கிற கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு சபையில் வாசித்தாயிற்று. மூன்றாவதையும் வாசித்துவிட்டால் தாலிதான்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு அரை மணி முன்னாடியே போய், கோயில் பின்னறையில் இருக்கும் ஓலைக் காகிதத்தை அடித்துவிடுவதென்று திட்டம். கையுறைகூட மாட்டிக்கொண்டான். மிஷின் துடைக்கிற கையுறை, மை அப்பியது. அறைக்கதவு சும்மா திறந்தே கிடந்தது. உள்ளே ஹெப்சிபா அதே காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுதீக?" என்றாள்.

"பாட்டுப் புஸ்தகம்."

"இங்கன இல்ல."

"சரி" என்று வந்துவிட்டான். அட கூறுகெட்டவனே! படமாக இருந்தால் இந்த இடத்தில்தான் இரண்டு பேரும் கைகோத்திருப்பார்கள். ஆனாலும் பயலுக்கு அன்றைக்குப் பாட்டில் சுருதி ஒரு இடத்திலும் தப்பவில்லை.

மறுநாள் ஆராதனையில் குருவானவர் காகிதத்தைக் காணாமல் துழாவினார். தெருவுக்குத் தெரு அச்சாபீஸ் இருக்கிற சிவகாசிப் பக்கத்தில் பிறந்துவிட்டு, ஒரு காகிதத்தைத் திருடினால் கல்யாணம் நின்றுபோகும் என்று நம்பியவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். ஹெப்சிபாவின் அப்பா எழுந்து கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். ஆயிரம் அடித்திருந்தது, சாலமன்ராஜ் ஓட்டிய மிஷினிலேயே. பேர், ஊர், தேதி எல்லாம் தங்க எழுத்தில் பளிச்சென்று இருந்தது. குருவானவர் அதைப் பார்த்தே வாசித்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

போன இரண்டு ஞாயிறும் இதையேதான் கேட்டார். இவன்தான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு முன்வரிசையிலிருந்து ஹெப்சிபா திரும்பி அவனையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவனுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றான்.

"என்னப்பா தடை?" என்றார் குருவானவர்.

"நான்தான் ஐயா."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஹெப்சிபாவும் எழுந்தாள்.

"ஆமா ஐயா, அவுகதான்."