பேர் சொல்லாத வேர்

அம்மா என்னை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறாள். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில், வாசலில் நான்கு பேர் பார்க்க. அந்த அடி எதற்கு என்பதை நான் வெகுநாள் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்தாள். நாங்கள் இருளர்கள். இன்று இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்று வகுப்பில் யாராவது கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்வதற்குக் குனிந்துகொள்வேன். என் செருப்புக்கு வாரே கிடையாது என்பதை யாரும் கவனித்ததில்லை.

அம்மாவுக்குச் செடி தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் காலி மனைகளில் எதையாவது பறித்து முந்தானையில் முடிந்திருப்பாள். அப்பாவின் முழங்காலுக்கு முடக்கத்தான், என் சளிக்குத் தூதுவளை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சொறிக்குக் குப்பைமேனி. ஆனால் பறிப்பதற்கு அவளிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. செடியை விரலால் சுட்டக் கூடாது. பறிக்கும்போது அதன் பேரைச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் கண்ணில் படுகிற செடியைத் தொடவே கூடாது. அதை விட்டுவிட்டு நடந்து, இரண்டாவது தட்டுப்பட்டால்தான் பறிக்கலாம். தட்டுப்படாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கைக்கெட்டிய செடியை விட்டுவிட்டு வருகிற இந்த வழக்கம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், நாங்கள் இரண்டாவது முடக்கத்தானைத் தேடிக்கொண்டிருப்போம்.

வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு வேர் இருந்தது. சுண்டுவிரல் நீளம், கருப்பு நிறம். அதன் பேரை அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. மாமா கொடுத்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில், எங்கள் ஆட்கள் சிலரோடு சேர்ந்து பாம்பு பிடிக்கிற வேலையில் இருந்தார். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். விஷத்தை வைத்துக்கொண்டு பாம்பை விடுவதா? எனக்கு மாமாவின் புத்திசாலித்தனத்தில் சந்தேகமே வந்துவிட்டது. வேர் எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன். "பாம்பு புடிக்கப் போறப்ப மடியில வெச்சிக்கினு போறது" என்றாள்.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. எனக்குக் கிடைத்த தலைப்பு மூலிகைகள். மற்றவர்கள் ஜெராக்ஸ் கடையில் கலர் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். நான் பன்னிரண்டு செடிகளை உயிரோடு கொண்டுபோய் வைத்தேன். பதின்மூன்றாவதாக, அம்மாவுக்குத் தெரியாமல், அந்த வேர். ஒவ்வொன்றின் கீழும் அட்டையில் பயன் எழுத வேண்டும். வேருக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாம்பு பிடிக்கப் போகிறவர் மடியில் வைப்பது என்றால் வேறு எதற்காக இருக்கும்? 'பாம்புக்கடி விஷத்தை முறிக்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

கூட்டம் என் மேஜையில்தான். தலைமை ஆசிரியை வந்து, "இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

"எங்கம்மா மிஸ். நாங்க இருளருங்க" என்றேன். முதல் முறையாகக் குனியாமல் சொன்னேன். அவர் என் தோளில் கைபோட்டு, வேரும் அட்டையும் தெரியப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றியது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட போன் இல்லாததால் அம்மா மட்டும் பார்க்கவில்லை. வேரை எடுத்த சுவடு தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு தெரு தள்ளிப் புது மாடிவீட்டில் இருந்த என் வகுப்புத் தோழி வந்தாள். தனக்கும் செடி காட்ட வேண்டும் என்றாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனைக்குள் இறங்கினோம். நுழைந்ததுமே தூதுவளை. அவள் கையை நீட்டினாள்.

"இது வேணா. மொதல் செடிய தொடக்கூடாது. ரெண்டாவது தேடு" என்றேன், எல்லாம் தெரிந்தவள்போல.

இரண்டாவதைத் தேடி அவள் செங்கல் குவியலுக்குப் பின்னால் போனாள். குக்கர் விசில் அடிப்பதுபோல ஒரு சீறல் கேட்டது. அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி சங்கிலியாய் வட்டம். செங்கல்லுக்கு அடியில் அது போவதை நான் பார்த்தேன்.

அவளுடைய அம்மா மாடியிலிருந்து ஓடிவந்தார். கையில் போன், ஆம்புலன்ஸுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆன்ட்டி, ஆஸ்பத்திரி வேணா. எங்க வீட்ல வேர் இருக்குது" என்றேன். வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்திருந்த அந்தப் படித்த பெண்மணி போனைக் கீழே இறக்கினார். மகளைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தார்.

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தோழியின் கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. "அம்மா, அந்த வேர எடும்மா! இவங்கள ஆஸ்பத்திரி வேணான்னு நான்தான் சொல்லி இட்டாந்தேன்" என்று பெருமையாகவே கத்தினேன். பாம்பு எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். சொன்னேன். ஈரக் கையோடு என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"விஷத்த எடுக்கும்னு யாருடி சொன்னது உனக்கு?" வேரின் ரகசியத்தை வெளியே சொன்னதற்குத்தான் அடி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நொடி என்னை மறந்துவிட்டாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். தோழியின் அம்மா துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டப் போனார். அம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள். "கட்டாதீங்கக்கா, கால் போயிடும். அறுக்கவும் கூடாது. ஆட்டாம வெச்சா போதும்." பிறகு உள்ளே போய் மஞ்சள் துணியை எடுத்துவந்தாள். வேரை நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "கண்ணு, இத கெட்டியா புடிச்சிக்கோ. பாம்பு புடிக்கறவங்க வெச்சிருக்கறது இது. ஒண்ணும் ஆவாது. ஆஸ்பத்திரி போறவரிக்கும் கால மட்டும் அசைக்காத."

தோழியின் நடுக்கம் நின்றது. ஆட்டோவில் என் மடிமேல் அவள் தலை. அம்மா மடிமேல் அவள் கால்.

அரசு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா, "கண்ணாடி விரியன் சார். கடிச்சு அரை மணி இருக்கும். கட்டு போடல, கத்தி வெக்கல" என்றாள்.

"நீங்க நர்ஸா?"

"இல்லீங்க சார். இருளருங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள், வீட்டு விலாசம் சொல்வதுபோல. அவர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்து, "ரொம்பக் கரெக்டா செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கன்னத்தின் எரிச்சல் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அன்று இருந்த அத்தனை பேரிலும் என் அம்மாதான் பெரியவள் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

நர்ஸ் சின்னச் சின்னக் குப்பிகளில் இருந்த வெள்ளைப் பொடியைக் கரைத்து, சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றினார். பாட்டில் கம்பியில் தொங்கியது, வேர் தோழியின் கைக்குள் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் வீடு திரும்பினாள். வாய் கசந்து சாப்பிடாமல் கிடந்தவளுக்கு, டாக்டரைக் கேட்டுவிட்டு, அம்மா பிரண்டைத் துவையல் அரைத்துக் கொடுத்தனுப்பினாள். இரண்டாவது பிரண்டையிலிருந்து பறித்ததுதான்.

பள்ளியில் காலை இறைவணக்கத்தின்போது தலைமை ஆசிரியை டாக்டருக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் நன்றி சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. நடுக்கத்தை நிறுத்தியது எது? எங்கள் வேர். பேர் வாங்கியது எது? அந்தப் பாட்டில்.

தீபத் திருவிழாவுக்கு மாமா வந்தபோது இந்த அநியாயத்தை அவரிடம் முறையிட்டேன். வேரின் பயனையும் அன்றுதான் அவர் சொன்னார். "அது பயத்துக்கு மருந்து. பயம் இருந்தா கை நடுங்கும், கை நடுங்குனா பாம்பு கடிச்சிடும். கடிச்சிட்டா ஆஸ்பத்திரிதான், எனக்கும்." தன் கட்டைவிரலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

"அப்ப அந்த பாட்டிலுக்குத்தான் எல்லா பேருமா?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா மாமாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "உடு, அந்த பாட்டிலும் நம்ம ஊட்டுதுதான்" என்றார் மாமா. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். மாமா பிடித்துத் திரும்ப விடுகிற பாம்புகளின் விஷத்திலிருந்துதான் அந்த வெள்ளைப் பொடியைச் செய்கிறார்கள் என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.