பறக்கும் தட்டின் நூல்

பழைய விண்வெளிப் படங்கள் என்றால் எங்கள் கூட்டத்துக்கு உயிர். காக்ஸ் டவுனில், என் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுத்தம் செய்தோம். புளித்த வாடை அடித்த பிலிம், ஒரு முறை பிரதி எடுத்ததுமே பொடிந்துபோனது.

கீறல்களை அழிப்பது என் வேலை. பறக்கும் தட்டு தொங்கிய நூலும் கண்ணை உறுத்தியதால், யாரையும் கேட்காமல் அதையும் அழித்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்று மூலப் பிரதியையும் நீக்கிவிட்டேன்.

சர்ச் ஹாலில் படம் போட்டோம். ஒரே கைதட்டல். ஜீவனஹள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் என்னிடம் வந்தார்.

“தட்டுக்கு மேல ஒரு நூலு தெரியுமே, அது எங்க போச்சுப்பா?”

“தெரியாத மாதிரி எடுத்துட்டேன் ஆண்டி,” என்றேன் பெருமையாக.

“எங்க வீட்டுக்காரரு ஷூட்டிங்ல மேல பலகைல படுத்துக்கினு புடிச்ச நூலுப்பா. அவரு கை நடுங்குனா அதுவும் நடுங்கும். அதப் பாக்கத்தான் வந்தேன்.”

“பழைய காப்பி இருக்கு ஆண்டி, தரேன்,” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவரை ஏமாற்றிவிடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து அந்த நூலைத் திரும்ப வரைந்தேன். எத்தனை முறை வரைந்தும், என் நூல் நடுங்கவே இல்லை. அதன்பிறகு ஜீவனஹள்ளிப் பக்கமே நான் போகவில்லை.