குறை என் காலில் இல்லை

என் கால் அகலம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, சென்னையில் மலையேறும் பூட்ஸ் விற்கிற ஒரு கடையில், சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், உங்க கால் நார்மல் இல்ல" என்று சொல்லும்வரை. நார்மலாம்! எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்துக்கு வந்து யார் காலை வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஏரிச் சேற்றில் நடந்து, படகு தள்ளி வளர்ந்த கால் இப்படித்தான் இருக்கும். விரலை விரித்து ஊன்றினால்தான் சேற்றில் ஆள் நிற்க முடியும். அந்த மனிதரைக் கூட்டி வந்து முழங்கால் தண்ணீரில் பத்தடி நடக்கவிட்டு, கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆசை.

அப்போது நான் பொன்னேரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒரு மாணவியை, ஒரே ஒருத்தியை, வடக்கே இமயமலையில் ஒரு மாத மலையேற்றப் பயிற்சிக்குக் கல்லூரி அனுப்பும். ஓட்டம், கயிறு ஏறுவது, மூட்டை தூக்கி நடப்பது என்று எல்லாவற்றிலும் முதலில் வந்து அந்த இடத்தை நான் வாங்கியிருந்தேன். படிப்பு முடிந்துவிட்டால் அந்த இடத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. முதலும் கடைசியுமான வாய்ப்பு. எங்கள் நைனா படகுத்துறையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பனிமேல ஏறப்போவுது, தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லி, மீன் எடுக்க வந்த வியாபாரிகள்கூட என்னை விசாரித்தார்கள்.

விளையாட்டுத் துறை மேடம் ஒரு பட்டியல் கொடுத்தார். ஜாக்கெட், தூங்கும் பை, முதுகுப்பை எல்லாம் கல்லூரி ஸ்டோரில் இருந்தன. தலையில் கட்டும் விளக்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு உண்டு. கடலுக்குப் போகிற வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? நைனா தன் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து உதறி, இதையும் கொண்டு போ என்றார். அதற்குள்ளே வேர்த்தால் வேர்வை வெளியே போகாது, மேலே குளிரில் அந்த ஈரமே ஆளைச் சாய்த்துவிடும் என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். "அது கரீட்டு. உள்ள நனஞ்சா பேஜாருதான்" என்று மறுபேச்சில்லாமல் ஆணியில் மாட்டிவிட்டார். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் மட்டும் அவரவர் சொந்தமாக வாங்க வேண்டும். கணுக்காலை மூட வேண்டும், அடிப்பாகம் வழுக்கக் கூடாது, பத்துப் பன்னிரண்டு நாளாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். "கிளம்ப அஞ்சு நாள் இருக்கும்போது பூட்ஸையும் பார்ப்பேன், காலையும் பார்ப்பேன்" என்றார் மேடம். "காலில் புண் இருந்தா அனுப்ப மாட்டேன். அடுத்த பேர்ல இருக்கிற பொண்ணு போவா." அடுத்த பெயரில் இருந்தவள் எளாவூர்ப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பெண், எனக்கு ஒரு வருஷம் இளையவள். கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. படகு எஞ்சினுக்கு சாமான் வாங்க நைனா காசிமேடு போக வேண்டியிருந்தது, அப்படியே பூட்ஸும் வாங்கி வருகிறேன் என்றார். அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, என் குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை வைத்துப் பார்த்து, சரியாக நறுக்கி நைனாவின் சட்டைப்பையில் போட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செருப்பு இப்படித்தான் வாங்குவது. ஈர்க்கைக் கடையில் கொடுத்தால் அந்த நீளத்துக்குச் செருப்பு வரும், எல்லோருக்கும் சரியாகவே இருக்கும். செருப்புக்கு நான்கு பக்கமும் திறப்பு, கால் எவ்வளவு அகலமாக இருந்தால் அதற்கு என்ன? அகலத்தையும் அளக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூடிய பூட்ஸ் போட்ட கால் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

சாயங்காலம் நைனா வந்து அந்தக் கடையைப் பற்றிச் சொன்னதை நான் எழுதிக் காட்ட முடியாது, அவர் நடித்தே காட்டினார். "உள்ள போனா ஐஸ் பொட்டி கணக்கா குளுருது. இன்னா வேணும் பெரியவரேன்னான். எம் பொண்ணுக்கு, அளவு கொண்டாந்துகீறேன் தம்பின்னு ஈர்க்க எட்த்துக் குட்த்தேன். சிரிச்சான். அப்பறம் வாங்கி பூட்ஸு அடில வெச்சுப் பாத்தான், கரீட்டா நின்னுச்சு. சூப்பர், எட்த்துட்டுப் போங்கன்னான்."

போட்டுப் பார்த்தேன். விரல்கள் ஐந்தும் பஸ்ஸில் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நைனா தரையில் குந்தியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி கீது?"

"நல்லா இருக்குது நைனா."

சொல்லித் தொலைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வாய் வரவில்லை. புதுசு அப்படித்தான் கடிக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

எங்கள் ஊரில் எல்லாம் மணல், சேறு, தண்ணீர். மேடு என்று சொல்ல ஏரியைக் கடக்கிற பாலம் ஒன்றுதான். பன்னிரண்டு நாள் விடிந்ததும் முதுகுப்பையில் மணலை நிரப்பிக்கொண்டு அந்தப் பாலத்தில் ஏறி இறங்கினேன். கூடையோடு மீன் விற்கப் போகிற பெண்கள், "இன்னாடி, மலைய இங்கயே கொண்டாந்துட்டியா?" என்று கிண்டலடித்தார்கள். இறங்கும்போதெல்லாம் கட்டைவிரல் போய் முன்னால் முட்டும், குதிகால் பின்னால் உரசும். வீட்டுக்குள் நுழைந்ததும் நைனாவின் அதே கேள்வி, என்னுடைய அதே பொய்.

இப்போது எனக்குத் தெரியும். பிறகு என் சம்பளத்தில் ஒன்றிரண்டு மலை ஏறிவிட்டேன், பட்டுத் தெரிந்துகொண்டேன். பூட்ஸை சாயங்காலம் போய்தான் வாங்க வேண்டும், பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகிற அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். பூட்ஸுக்குள் காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கடையிலேயே ஒரு சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விரல்களை உள்ளே விரிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்றுகூட ராணுவ ரகசியம் இல்லையே. அந்தக் கடையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தானே?

பன்னிரண்டாம் நாள் அம்மா என் சாக்ஸைத் துவைக்க எடுத்தாள். குதிகால் பக்கம் ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த இத்தினி நாளா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நைனா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து கிடந்தது, ஒரு நகம் கறுத்திருந்தது. அவர் திட்டவில்லை. "வா, போய் மாத்திகினு வந்துரலாம்" என்று சட்டையை மாட்டினார்.

கடையில் நைனாவுக்கு விற்ற அதே ஆள்தான் இருந்தார். அப்போதுதான் குனிந்து பார்த்துவிட்டு அந்த 'நார்மல் இல்ல'வைச் சொன்னார். "விரலெல்லாம் ரொம்ப விரிஞ்சிருக்கு மேடம். லேடீஸ் ஷூ இப்படிக் காலுக்கு வராது" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு பூட்ஸைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார், இடுக்கில் மணல் இருந்தது. வெளியே போட்டு நடந்ததை மாற்றித் தர முடியாது, பில்லிலேயே எழுதியிருக்கிறது என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததெல்லாம் அவர் பேச்சால் அல்ல. நைனா கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு எம்மேலதான் தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. பாத்து செய்யி" என்றார் பாருங்கள், அதனால். ஏலத்தில் ஒரு கூடை இறாலுக்கு விலை குறைத்தால் துறையே அதிரக் கத்துகிற மனிதர்! ஒரு ஏசி மெஷினும் நாலு கண்ணாடியும் அவரை இப்படிக் கைகட்ட வைத்துவிட்டனவே!

"இன்னாத்துக்கு நைனா நீ தப்புன்ற?" என்று கத்தினேன். "சார், லேடீஸ் ஷூ வராதுன்னா வேற எது வரும்? அதைக் காட்டுங்க!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். உள்ளேயிருந்து இன்னொரு ஊழியர், கொஞ்சம் வயதானவர், எட்டிப் பார்த்து, ஆண்கள் அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அகலக் காலுக்கென்றே செய்தது, என் அளவிலேயே இருந்தது. போட்டேன். ஐந்து விரலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடி அத்தனை கோபம். நைனா ஈர்க்கோடு வந்த அன்றைக்கும் இது இதே கடையில்தானே இருந்தது? பெண்ணுக்கு என்று சொன்னதால் ஊதா நாடா கட்டியதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்!

நைனாவும் அந்த ஜோடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு பேட்ஜ் போட்டவரிடம் திரும்பினார், கட்டிய கை எப்போது அவிழ்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

"தம்பி, எங்கூர்ல வல வாங்கப் போனா கடக்காரன் கேப்பான். மடவை மீனுக்கா நண்டுக்கா, ஏரிக்கா கடலுக்கா, எத்தினி ஆழம்னு. நீளத்த மட்டும் சொன்னா துட்டக் குட்த்தாலும் தர மாட்டான். நான் ஈர்க்கோட வந்து நின்னப்போ, அகலம் இன்னா பெரியவரேன்னு ஒரு வார்த்த கேட்டியா? எனக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும்ல?"

பேட்ஜ் போட்டவர் பில்லைப் பார்த்தார். மேலாளர் வந்து, விதி விதிதான் என்றார். நைனா இரண்டாவது ஜோடியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மன்னிப்பாக ஒரு சொல்கூட அந்தக் கடையிலிருந்து எங்களுக்கு வரவில்லை.

மறுநாளே மேடம் காலைப் பார்க்கிற நாள். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தார், குதிகாலை அழுத்தினார், நான் பல்லைக் கடித்தேன். புது பூட்ஸ் சரியாக இருக்கிறது மேடம், அஞ்சு நாள்ல ஆறிடும் மேடம் என்று கெஞ்சினேன். "ஆறாது. மேல போய் இது சீழ் பிடிச்சா உன்னைத் தூக்கிட்டு இறங்க நாலு பேர் வேணும்" என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை, ஏனென்றால் அவரிடம் சண்டை போடவும் வழியில்லை.

எளாவூர்ப் பெண்ணின் பெயரை அன்றைக்கே எழுதிவிட்டார்கள்.

அதோடு விட்டதா? மூன்றாம் நாள் மேடம் போன் செய்தார். அந்தப் பெண்ணிடம் பூட்ஸ் இல்லை, இப்போது புதிதாக வாங்கினால் பழக்க நாளில்லை, உன் முதல் ஜோடி சும்மாத்தானே கிடக்கிறது என்று கேட்டார். நான் போனை நைனாவிடம் நீட்டினேன். "வரச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

அவள் பஸ் மாறி மாறி வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருந்தது. அவளுக்கு ஒல்லியான, விரல்கள் சேர்ந்த கால், என்னுடையதைவிட ஒரு விரல்கடை சின்னது. நான் உள்ளே பாயில் உட்கார்ந்துகொண்டேன், வெளியே வரவில்லை. வாசலில் நைனாவின் குரல் மட்டும் கேட்டது. கடையில் இரண்டாவது ஜோடியை அந்த வயதானவர் எனக்குப் போட்டுப் பார்த்ததைக் கவனித்து வைத்திருந்தார்போல.

"தடியா ஒரு சாக்ஸு போட்டுக்கம்மா மொதல்ல. ம். இப்ப எழுந்து நில்லு. கால முன்னால தள்ளு, பின்னால ஒரு வெரலு போவுதா? பக்கத்துல இடிக்குதா? வெரல விரிச்சுப் பாரு. எனுக்கோசரம் நல்லாகீதுன்னு சொல்லாத. கடிச்சா கடிக்குதுன்னு சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வா, பாலம் வரிக்கும் நடக்கலாம். எறங்கும்போதுதான் தெரியும்."

இரண்டு பேரும் பாலம் பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது. அவள் நொண்டாமல், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் நடந்தாள். நைனா பக்கவாட்டில் குனிந்து குனிந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டே போனார். அந்த பூட்ஸின் தோலை இளக்கியது யார்? நாடா இழுபடுகிற இடமெல்லாம் மடிந்து கொடுக்கிறதே, அதைப் பழக்கியது யார்?

அவளை பஸ் ஏற்றிவிட்டு நைனா திரும்பி வந்தார். என் எதிரில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கு சரியா கீதும்மா" என்றார்.

"இருக்காம பின்ன? பன்னெண்டு நாளு ரத்தம் வர வர நான்தான நடந்தேன்!" என்று கத்தினேன்.

"ஆமாம்மா" என்றார் நைனா.