மரியநாயகி தைத்த கடைசிக் காட்சி

குருநகரில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் மரியநாயகியின் வீடு. பள்ளிக்கூட உடுப்பு, கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, சுவாமியாரின் அங்கி என்று இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறாள். யாரிடமும் தையல் படித்ததில்லை. பழைய சட்டைகளைத் தையல் பிரித்துத் தரையில் பரப்பி, எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருந்தது என்று பார்த்தே பழகினாள். அதற்கு முன் அவளுக்குத் தெரிந்தது தகப்பனோடு இருந்து வலை பின்னுவது மட்டும்தான்.

போன தை மாதம் அரியாலையிலிருந்து நிவேதனா வந்தாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். தாலிகட்டுக்குக் கூறைச்சேலை. பின்னேர வரவேற்புக்கு மட்டும் ஒரு ஹிந்திப் படத்தில் கதாநாயகி அணிந்து ஆடும் சிவப்புப் பாவாடை வேண்டுமாம். பகைகொண்ட இரண்டு வீட்டுப் பிள்ளைகள் காதலிக்கிற பழைய துன்பியல் நாடகத்தை அரண்மனையும் ஆயிரம் விளக்குமாக எடுத்த படம். அதை மரியநாயகியின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டு வரும் இடத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லிப் போனாள்.

மரியநாயகி அப்படி விடுகிற ஆள் இல்லை. பாவாடையின் முன்புறத்தை மட்டும் பார்த்து வெட்ட முடியாது. பின்னால் எப்படி விழுகிறது, குந்தியிருந்தால் எங்கே மடிகிறது என்று தெரிய வேண்டும். மதியத்தில், கடலால் வந்த கணவன் இன்னாசித்தம்பி படுத்திருக்கும் நேரத்தில், சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தப் பாவாடை வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாள். ஹிந்தி தெரியாதவளுக்குச் சத்தம் எதற்கு?

படத்தின் கடைசியில் பாவாடை இன்னொரு முறை வந்தது. குளத்தின் படிக்கட்டில் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் பெண் ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்தபடி கிடக்கிறாள். பக்கத்தில் அவன். தண்ணீரில் விளக்குகள் மிதந்து போகின்றன. இரண்டு வீட்டாரிடமிருந்தும் ஓடி வந்து, களைத்து, ஒருவழியாகக் கண்ணயர்ந்துவிட்டார்கள் என்று மரியநாயகி நினைத்தாள். பாவாடையின் விளிம்பில் சிவப்புக்கு மேலே இன்னும் கடுஞ்சிவப்பு, ஈரம் ஊறியதுபோல், மேல்நோக்கிப் பரவியிருந்தது. பாட்டுக் காட்சியில் அது தெரியவில்லை. கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும் வேலைப்பாடு என்று எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மதியமும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி வைப்பாள். ஜன்னலால் கடல்காற்று வரும். இன்னாசித்தம்பியின் மூச்சு ஒரே சீராகக் கேட்கும். போனுக்குள்ளே அந்த இரண்டு பேரும் உறங்குவார்கள். அவர்களை எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல் அவள் மெல்ல மெல்லத் தைத்தாள்.

பாவாடைக்கு வெட்டிய இருபத்துநாலு துண்டுகளையும் மூட்டிய அன்று, தானே அதை உடுத்து முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பாவாடை விரியவில்லை. காலோடு சுருண்டுகொண்டது. அப்போது வீச்சுவலை நினைவுக்கு வந்தது. எறிகிற வலை வட்டமாக விரிவது அதன் விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகளால். இந்த விளிம்புக்கும் பாரம் வேண்டும். கடுஞ்சிவப்புக் கண்ணாடி மணிகளை வாங்கி, வலைக்கண் அளக்கும் பலகையால் இடைவெளி பார்த்து, படத்தில் கண்டபடியே விளிம்பு முழுக்கக் கோத்தாள். ஒரு மாதம் பிடித்தது. பிறகு சுற்றியபோது பாவாடை வட்டமாக எழுந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு நிவேதனா தாய் மீனாம்பிகையோடு உடுத்துப் பார்க்க வந்தாள். குனிந்து மணிகளைத் தடவினாள். பாட்டில் இது இல்லையே என்று கேட்டாள். கடைசியில், குளத்தடியில் அவர்கள் நித்திரை கொள்ளும் இடத்தில் இருக்கிறது என்று மரியநாயகி சொன்னாள்.

நிவேதனா கையை எடுத்துவிட்டாள்.

"அது நித்திரை இல்லை அன்ரி. அவையள் குத்துப்பட்டுச் செத்துப்போச்சினம். நான் அதுக்கு முன்னமே படத்தை நிப்பாட்டிப்போடுவன். ஒருநாளும் பாத்ததில்லை."

மரியநாயகியின் கண் மணிகளுக்குப் போனது. அவள் ஒரு மாதமாகக் கோத்தது இரத்தம்.

மீனாம்பிகை என்ன கதை என்று கேட்டாள். நிவேதனா ஒன்றுமில்லை என்று மழுப்பப் பார்த்தாள். மரியநாயகி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மீனாம்பிகை குனிந்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்பிளை வீட்டார் படத்தைப் பாத்திருப்பினமே?"

"ஆரம்மா கடைசிவரைக்கும் பாக்கிறது? எல்லாரும் பாட்டைத்தானே பாக்கினம்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்செல்லே. உன்னை நான் உதோடை மேடையிலை ஏத்தமாட்டன். மரியநாயகி, உந்த மணியளை அவிழ்க்கேலுமே?"

"ஓம் அக்கா, அவிழ்க்கிறன்."

அவிழ்த்தால் பாவாடை விரியாது என்பதை அவள் சொல்லவில்லை. அது தன் பாடு.

இரண்டு நாள் மணி மணியாக அவிழ்த்தாள். மூன்றாம் நாள் உடுத்துச் சுற்றியபோது, நினைத்தபடியே துணி காலில் சுருண்டது. முற்றத்துச் சுவரில் இன்னாசித்தம்பியின் வீச்சுவலை காய்ந்துகொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அதன் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். இன்னாசித்தம்பி எழும்பி வந்து பார்த்தார்.

"நாளைக்கு நான் என்னத்தை வீசிறது? உன்ரை பாவாடையையோ?"

புதுக் குண்டு கோத்துத் தருவதாகச் சொன்னாள். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து மிச்சத்தை வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு குண்டையும் பஞ்சுத் துணியில் பொதிந்து, அதே பலகையால் அளந்து, விளிம்பின் மடிப்புக்குள்ளே வைத்துத் தைத்தாள். வெளியே வெறும் சிவப்பு.

கல்யாணத்தன்று பின்னேரம் நல்லூர் மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மரியநாயகி சுவரோரமாக நின்றாள். நிவேதனா முதல் சுற்றிலேயே தயங்கி விளிம்பைப் பார்த்தாள். பிறகு கைகளை விரித்துச் சுற்றினாள். பாவாடை தரையைவிட்டு எழுந்து, ஒரு பக்கமும் சரியாமல், வட்டமாக விரிந்து நின்றது. முன்வரிசையில் இருந்த மீனாம்பிகை திரும்பி மரியநாயகியைத் தேடிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தவளிடம் இன்னாசித்தம்பி, "என்ரை குண்டுக்கு மீன் ஏதும் பட்டதோ?" என்றார்.

"மாப்பிளை மட்டும்தான்."

அடுத்த நாள் மதியம் போனில் அந்தக் குளத்தடிக் காட்சியை எடுத்து வைத்தாள். அழிக்கத்தான் எடுத்தாள். கடுஞ்சிவப்பு இப்போது அவளுக்கு இரத்தமாகவே தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கை இன்னும் கன்னத்துக்குக் கீழேதான் இருந்தது. சாகிறவள் கையை அப்படி வைப்பாளா என்று யோசித்தாள். பிறகு அழிக்காமல் போனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்துவிட்டு, இன்னாசித்தம்பியின் வலையை மடியில் எடுத்து முதல் குண்டைக் கோத்தாள்.