சடைக்காரியின் கத்தரி

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "சடைக்காரி கடை" என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெண்களுக்கு முடி வெட்டும் கடை அது. நடத்தியவளின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். வாசல் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுதான் வேலை செய்வாள், வேண்டுமென்றேதான். தெருவில் போகிறவர்கள் பின்னலைப் பார்த்து வாய் பிளப்பார்கள், சிலர் உள்ளேயும் வருவார்கள். இதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

நாற்பதை நெருங்கும்போது அவளுக்கு முடக்குவாதம் வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவலே விரல் மூட்டுகளைத் தாக்கத் தொடங்கியது. வாரம் ஒருமுறை விழுங்கும்படி மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. வீக்கம் வடிந்தது, கத்தரி பழையபடி ஓடியது. கூடவே முடியும் கொட்டத் தொடங்கியது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் நாத்தனார். கடையில் தலை அலசுவதும் தரை கூட்டுவதும் அவள் பொறுப்பு. அன்று வந்தவர்கள் எல்லாரும் கழுத்தளவு முடிக்காரிகள். துடைப்பத்திலோ முழ நீளத்துக்கு இழைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அண்ணி, இது உங்க தலையிலேருந்தா?"

"மாத்திரை பண்ற வேலை. வாயை மூடிட்டுக் கூட்டு."

நாத்தனார் வாயை மூடினாள். அவளுக்கு அது லேசான காரியமில்லை.

பின்னல் எலிவாலாக இளைத்தது. சடைக்காரி சவுரி வைத்து ஒப்பேற்றிப் பார்த்தாள். ஒருநாள் வாசலில் யாரோ ஒருத்தி தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "தன் தலையையே காப்பாத்திக்கத் தெரியல, நம்ம தலையில கை வைக்கப் போறாளாக்கும்!" மூட்டுவலிகூட அவளை அப்படி வாட்டியதில்லை. அந்த வாரமே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்களே, அதேதான்.

சில மாதங்களில் துடைப்பத்தில் நீள இழைகள் குறைந்தன. நாத்தனார் முதலில் மகிழ்ந்தாள், பிறகு சந்தேகப்பட்டாள். முடி கொட்டுவது நின்றதென்றால் மருந்தும் நின்றிருக்குமோ? கேட்டுவிடலாம் என்று அவள் வாயெடுத்த நாளில்தான் அது நடந்தது.

நாற்காலியில் ஒரு டீச்சர், பாதித் தலை முடிந்திருந்தது. மூடிய கத்தரி திறக்கவில்லை. சடைக்காரி விரலை அசைத்துப் பார்த்தாள், விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வீங்கிய கட்டைவிரல் கத்தரி வளையத்துக்குள் மாட்டிக்கொண்டது. சோப்பு தடவித்தான் கழற்ற வேண்டியிருந்தது.

"ஐயோ, என் இன்னொரு பக்கம்?" என்றார் டீச்சர்.

அந்தப் பக்கத்தை நாத்தனார் வெட்டினாள். எப்படி வெட்டினாள் என்று கேட்காதீர்கள்.

டீச்சர் போனதும் அவள் அழுதுகொண்டே கத்தினாள்: "கை போச்சுன்னா, அந்த முடியை யாருக்குக் காட்டப் போறீங்க அண்ணி?" கையோடு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பேனே," என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்தால கொட்டுற முடி பெரும்பாலும் திரும்ப வந்துடும். மூட்டு அரிச்சுப் போனா வராதும்மா."

மருந்து மறுபடி தொடங்கியது. கை திரும்பாமலே போய்விட்டால் சடைக்காரி என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். தினமும் பழைய செய்தித்தாளை வெட்டிப் பழகினாள். முதலில் எலி கடித்த மாதிரி இருந்தது, மெல்ல மெல்ல நேராக வந்தது.

விரல் தடையில்லாமல் விரிந்த ஒரு காலை, கடை திறக்கும் முன்பே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எஞ்சிய பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, ஒரே வெட்டு.

"அண்ணி!"

"கத்தாதே. பின்பக்கம் தெரியல, கண்ணாடியைப் பிடி."

காதளவுக்குத் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, கை நிற்கவில்லை.

கடை திறந்ததும் முதல் ஆளாக டீச்சர் வந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்ற உருவத்தைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார். "சடைக்காரி இல்லையா?"

அவள் திரும்பினாள்.

"நான்தான் டீச்சர். உட்காருங்க. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் நானே வெட்டுறேன்."