கால்வாய் நீரும் போர் நீரும்

காலை ஆறே காலுக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். பையில் ஒரு காகிதம்: திருப்பதி அருகே இருக்கும் தங்கை ரேணுகா வீட்டிலிருந்து போன வாரம் எடுத்து வந்த இரண்டு பாட்டில் தண்ணீரின் பரிசோதனை முடிவு. ஒன்று ஊர்ச் சாக்கடை கலந்த கால்வாய் நீர், மற்றது அவர்கள் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர், அதாவது போர் நீர். சந்திரகிரி வருவதற்குள் நாலு தடவை படித்தும் ஒன்றும் புரியவில்லை. உப்பும் நைட்ரேட்டும் போர் நீரில்தான் அதிகம் என்றிருந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் குப்பி கழுவியவன், பாட்டிலில் சீட்டை மாற்றி ஒட்டித் தொலைத்தேனோ?

எட்டே காலுக்குத் திருப்பதி. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில், முப்பது ரூபாய்.

"ட்ரைனேஜ் பாயற ஊரா சார்? மூக்க மூடிக்கினு போங்க. ஆனா கீரை அங்கதான் தளதளன்னு இருக்கும்" என்றார் டிரைவர்.

ஒன்பது மணிக்கு ரேணுகாவின் கணவர் முனிரத்தினம் நிலத்துக்கு அழைத்துப்போனார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்குப் போகும் பயிருக்குக் கால்வாய் நீர். வீட்டுச் சாப்பாட்டு நெல்லுக்குத் தனியாக ஒரு மடி, அதாவது சின்ன வயல்; அதற்குப் போர் நீர் மட்டும். "விக்கறது கால்வாயில, துன்றது போர்ல மச்சான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்வாய்ப் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து நின்றது. வீட்டு மடியில் வெள்ளையாய் உப்புப் பூத்து, நெல்லின் நுனி கருகியிருந்தது.

சீட்டு மாறவில்லை. சாக்கடை நீர் வருஷக்கணக்காக மண்ணில் இறங்கி, அதன் கழிவு அங்கே நைட்ரேட்டாக மாறி, உப்போடு அடியில் போர் நீரில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அப்ப கால்வாய அடைச்சிடலாமா மாப்பிள்ளை?"

"அடைச்சா போர்ல தண்ணி ஏது மச்சான்? போன கோடைல கால்வாய் நின்னுச்சு. பத்தாம் நாளு போர்ல வெறும் காத்துதான் வந்துச்சு."

எனக்குக் குழப்பம் இரட்டிப்பானது.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். பிரசவத்துக்கு வந்திருந்த ரேணுகாவின் மகள் பவானி, நாற்பது நாள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால். பால்பொடி கலக்க அடுப்பில் போர் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்தத் தண்ணி வேணாம் ரேணு. நைட்ரேட் காய்ச்சினா போகாது. சுண்டச் சுண்ட அதிகமாகும். கைக்கொழந்தைக்கு ஆகவே ஆகாது. ரத்தத்துல பிராணவாயு கொறஞ்சு நகம், உதடெல்லாம் நீலமாயிடும்."

ரேணுகா கரண்டியை வைத்துவிட்டாள். "கேன் தண்ணிய நம்பாம, பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சிக்கினு இருந்தனே அண்ணா" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன்.

பதினோரு மணிக்கு எல்லாருமாகக் குழந்தையைத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நகத்தையும் உதட்டையும் உற்றுப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை செய்தார். இரண்டு மணிநேரம் கழித்து, பயமில்லை, தண்ணீரை உடனே மாற்றுங்கள் என்றார். அப்போதுதான் பவானி அழுதாள்.

நாலு மணிக்குச் சித்தூர் பஸ். ஏற்றிவிட வந்த முனிரத்தினம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கொழந்தைக்குக் கேன் தண்ணி. சரி மச்சான். நெலத்துக்கு?"

பஸ் கிளம்பிவிட்டது. பதில் தெரிந்திருந்தால் இறங்கிச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன்.